தலைமாட்டில் மூன்று நோட்டு

செம்மேடு பஸ் ஸ்டாண்டில், சுவரை ஒட்டி ஒரு நீலப் பலகை நட்டு இரண்டு வருசம் ஆகிறது. ராசப்ப வாத்தியாரின் முகம், பக்கத்தில் ஒன்று என்று எண், கீழே கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கட்டம். போனை அந்தக் கட்டத்துக்கு நேரே காட்டினால் போன் பேச ஆரம்பிக்கும். வாத்தியார் எந்த ஊர்க்காரர், எப்போது மலைக்கு வந்தார், எந்த ராகத்தில் என்ன கீர்த்தனை செய்தார் என்று சொல்லும். ஒரு பாட்டைப் பாடும். அப்புறம், இத்தனை அடி நடந்து இடது கைப் பக்கம் திரும்புங்கள் என்று அடுத்த பலகைக்கு வழியும் சொல்லிவிடும். கூட்டிக்கொண்டு போக ஆளே வேண்டாம். பஸ் ஸ்டாண்டு, பள்ளிக்கூடம், சந்தை மேடு, ஓடை, மாவு மில்லை ஒட்டிய அறை, காட்டு வீடு, கடைசியில் அவரைப் புதைத்த இடம். ஏழு பலகை. மெதுவாக நடந்தால் இரண்டு மணி நேரம்.

வாத்தியாரிடம் பள்ளிக்கூடத்தில் பாட்டுப் படித்த சந்தோஷ்குமார்தான் இதைச் செய்து வைத்தவன். இப்போது சேலத்தில் பாட்டு வகுப்பு நடத்துகிறான். அவனும் கூடப் படித்தவர்களுமாக, ஞாபகத்தில் மிஞ்சியிருந்த பதினோரு கீர்த்தனைகளைப் பாடிப் பதிந்து போனில் ஏற்றினார்கள்.

ஏழாவது பலகை பாவாயியின் மரவள்ளிக் காட்டு ஓரத்தில் நிற்கிறது. வருகிறவர்கள் காதில் வயரை மாட்டிக்கொண்டு கேட்பதால், போன் சொல்வது அவள் காதுக்கு எட்டியதில்லை.

பாவாயி யார் என்றால், மேல்வளவு சின்னராசுவுக்கு நாலாவது பிள்ளை. மூத்தது இரண்டும் பெண், இரண்டும் காய்ச்சலில் போயின. அடுத்தவன் கருப்பண்ணன். அவனுக்கு நேர் இளையவள் இவள். பதினெட்டு வயதில் இவளை அரியூர்ப் பக்கம் ஒருவனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். குடித்துவிட்டு அடிக்கிறவன். நாலு வருசம் பொறுத்தாள். அப்புறம் ஒரு நாள் தாலியைக் கழற்றி மாமியார் மடியில் போட்டுவிட்டு நடந்தே ஊர் வந்து சேர்ந்தாள். மலையில் அது தலைபோகிற குற்றமில்லை. ஊர்க்கவுண்டர் முன்னால் உட்கார்ந்து பேசி உறவை அறுத்துவிட்டார்கள். பிள்ளை கிடையாது. அப்பன் பிரித்துக் கொடுத்த காட்டில் ஒரு வீட்டைப் போட்டுக்கொண்டு, மரவள்ளியும் நாலு மிளகுக் கொடியுமாக இருந்தாள்.

ராசப்ப வாத்தியார் காளப்பநாயக்கன்பட்டிக்காரர். அங்கே பொன்னம்மாள் என்று பெண்டாட்டி, ஒரு மகள். செம்மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பாட்டு வாத்தியாராக மாற்றலாகி வந்தபோது நாற்பது வயது தாண்டியிருந்தது. மாவு மில்லை ஒட்டி ஓர் அறை பார்த்துக் கொடுத்தார்கள். அங்கேதான் வினை. மில் மோட்டார் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே சுருதியில் ஊளையிடும். அந்தச் சுருதி இவருடைய சுருதிப் பெட்டிக்கு அரைக்கால் அளவு கீழே நின்றதாம். மனுசனுக்குப் பைத்தியம் பிடிக்கிற மாதிரி ஆகிவிட்டது. சத்தமில்லாத இடம் எங்கே இருக்கிறது என்று பார்த்தவர்களையெல்லாம் கேட்டார். கருப்பண்ணன், "எந்தங்கச்சி காட்டுல காக்காகூட யோசிச்சுத்தானுங்க கத்தும்" என்றான். சாயங்காலத்தில் எழுதுவதற்கு மட்டும் அங்கே போகிறேன் என்று போனவர், பத்தொன்பது வருசம் இருந்துவிட்டார்.

முதலில் சனிக்கிழமை தவறாமல் கீழே போய்வந்தார். பிறகு மாசம் ஒரு தடவை. பிறகு அதுவும் நின்றது.

பாவாயிக்குப் பாட்டுத் தெரியாது. அவர் பாட்டுச் செய்கிறவிதம் தெரியும். மிளகுக் கொடிகளுக்கு நடுவே போவார் வருவார், தொடையில் தட்டுவார், நிற்பார், தலையை ஆட்டி வேண்டாம் என்பார். விடிகிற நேரத்தில் நீள நோட்டில் எழுதுவார். எழுதியதைப் பாடிக் காட்ட மாட்டார். "இன்னும் ஆகல பாவாயி" என்பார். அவருக்கு எதுவுமே ஆகாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த பத்துப் பன்னிரண்டு போக, மீதி எல்லாம் அந்த மூன்று நோட்டிலேயே கிடந்தன.

ரிட்டயர் ஆன இரண்டாம் வருசம், ஐப்பசி மழையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் ஜீப் வருவதற்குள் போய்விட்டார். கருப்பண்ணன் கீழே பொன்னம்மாளுக்குப் போன் போட்டான். மலை ரோட்டில் பாறை சரிந்து பஸ் நின்றுவிட்டது. "அந்தக்கா வரட்டும்" என்று பாவாயி அழுதாள். மழையில் எத்தனை நேரம் வைத்திருப்பது என்று ஊர் ஆண்கள் சாயங்காலமே குழி வெட்டிவிட்டார்கள்.

பாவாயியின் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவர் கை கடைசிவரைக்கும் பழகிய பொருளைத் தலைமாட்டில் வைத்துத்தான் மண் தள்ளுவார்கள். அவள் அப்பனுக்குக் கொடுவாள் வைத்தார்கள். அம்மாயிக்கு முறம். தேன் எடுக்கப் போய்ப் பாறையிலிருந்து விழுந்த சின்ன அப்புச்சிக்கு அந்த நார்க்கயிற்றையே வைத்தார்கள். வாத்தியாருக்கு எதை வைப்பது? பாவாயி யோசிக்கவே இல்லை. மூன்று நோட்டையும் பேனாவையும் எடுத்து, மழை இறங்கக் கூடாதென்று மிளகு கட்டும் கெட்டிப் பிளாஸ்டிக் பையில் மடித்துச் சுற்றிக் கட்டி, அவர் தலைக்கடியில் வைத்தாள். பாட்டுத்தான் பிள்ளைகள் வாயில் இருக்கிறதே, நோட்டு அவருடையதுதானே என்று நினைத்தாள். படிக்கத் தெரிந்தவள் யாராவது பக்கத்தில் நின்றிருந்தால் தடுத்திருப்பாள்.

மறுநாள் உச்சிப்பொழுதில் ஒரு லாரியில் ஏறி பொன்னம்மாள் வந்து சேர்ந்தாள். மண் மேட்டைப் பார்த்தாள். அழவில்லை. "அவரு பொட்டி எங்க?" என்று மட்டும் கேட்டாள். தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

சந்தோஷ்குமார் முதல்முதலாக வந்து நோட்டைப் பற்றிக் கேட்டபோது எட்டு வருசம் ஓடியிருந்தது. "நூறு கீர்த்தனையாச்சும் இருக்கும்மா, அதுல ஒண்ணுகூட எங்க யாருக்கும் தெரியாது" என்று அவன் சொன்னபோதுதான் பாவாயிக்குத் தான் செய்தது உறைத்தது. "தெரியாதுங்க சாமி" என்ற சொல் தானாக வாயிலிருந்து வந்தது. ஒரு தடவை சொன்னதை அப்புறம் எப்படி மாற்றுவது? மூடிய மண்ணைத் திறப்பதும் லேசான காரியமில்லை. அப்படித் திறக்கத்தான் வேண்டுமென்றால், செத்தவன் கையால் தாலி வாங்கினவள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அவள் வகையறாக் கட்டு. பாவாயிக்கு அவர் தாலி கட்டவில்லை.

போன வைகாசியில் ஒரு நாள் கொடிக்கடியில் களை பறித்துக்கொண்டிருந்தாள். ஏழாவது பலகைக்கு முன்னால் கீழ்நாட்டுக் குடும்பம் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்த அம்மாள் மண் மேட்டைக் கும்பிட்டுவிட்டுப் புருசனிடம் சொன்னாள்.

"நூறு பாட்டுங்க! எப்படித்தான் மனசு வந்துச்சோ அந்தப் பொம்பளைக்கு. அவ கை புழுத்துத்தான் போகும்."

பாவாயியின் கை களையிலேயே நின்றுவிட்டது. போனுக்குத் தெரிந்துவிட்டதா? அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. போன் தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்டாக வேண்டும். மறுநாளே அண்ணன் மகள் கவிதாவிடம் போய் நின்றாள். கவிதா செம்மேட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். வாய் கொஞ்சம் நீளம்.

"என்னத்தெ, மாமாவைப் பாக்க டிக்கெட் எடுத்துட்டுப் போற மாதிரி கெளம்பியிருக்கற?"

"கூட வா கண்ணு. எனக்கு அந்தக் கட்டத்தைக் காட்டத் தெரியாது."

கடையைச் சாத்திவிட்டு வந்தாள். முதல் பலகையில் போன் கணீரென்று ஆரம்பித்தது. இசை மேதை என்றது, மலையின் தவப்புதல்வர் என்றது.

"மேதையாமா! வெங்காயம் உரிக்கத் தெரியாம கையைப் பிசைஞ்சுட்டு நின்ன மேதை" என்றாள் கவிதா.

நாலாவது பலகை ஓடைக்கரை. தினமும் அதிகாலையில் வாத்தியார் இங்கே தனியே அமர்ந்து ராகங்களுக்காகக் காத்திருப்பார் என்றது போன். கவிதா சிரித்த சிரிப்பில் ஓடையில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எதுக்குக் காத்திருந்தாருன்னு ஊருக்கே தெரியும். அத்தெ, நீ கக்கூஸ் கட்டின அப்புறம் அவரு இந்தப் பக்கமே வரலியே, ராகமெல்லாம் எங்க போயி வந்துச்சாமா?" பாவாயிக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. அடுத்த பலகையில் என்ன வருமோ.

ஐந்தாவது பலகை, மாவு மில் அறை. போன் அங்கேதான் அதைச் சொன்னது. வாத்தியார் தம் கடைசிப் பத்தாண்டுகளில் எழுதிய நூறு கீர்த்தனைகள் மூன்று நோட்டுகளில் இருந்தன. அவர் மறைந்த பதினாறாம் நாள், அவற்றைத் தம்மோடு எடுத்துச் சென்ற அவருடைய மனைவி, காளப்பநாயக்கன்பட்டியில் தம் வீட்டுப் பின்கட்டில் தீ வைத்து எரித்துவிட்டார்.

"இன்னொருக்கா போடு" என்றாள் பாவாயி.

கவிதா இன்னொரு தடவை போட்டாள். அதே சொல்.

"அந்தக்காவையா சொல்லுது? அந்தக்காவையா?"

"பின்ன யாரை? ஊரறிஞ்ச கதைதான அத்தெ, உங்கிட்டத்தான் யாரும் சொல்லல. நீ ஏன் இப்படி வெளுத்துப் போற?"

தன்னைச் சொல்லியிருந்தால்கூடப் பாவாயி தாங்கியிருப்பாள். வருகிறவன் போகிறவனெல்லாம் குற்றமே செய்யாத ஒருத்தியைச் சபித்துவிட்டுப் போகிறான்.

ஆறாவது பலகை அவளுடைய வீடுதான். பூட்டிய தன் கதவுக்கு முன்னால் அந்நியர் மாதிரி நின்று இருவரும் கேட்டார்கள். சகானா என்று ராகத்தின் பேரைச் சொல்லிவிட்டு, ஒரு பெண் குரல் பாடியது. பாவாயிக்கு முதல் இரண்டு வரியிலேயே உடம்பு சிலிர்த்தது. இந்தத் தட்டு அவளுக்குத் தெரியும். ஒரு மாசி மாசம் முழுக்க வாசலில் உட்கார்ந்து அவர் தொடையில் தட்டிக்கொண்டிருந்தது இதைத்தான். அதற்குள் இத்தனை இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. குரல் மேலே போய், தயங்கி, இறங்கி, வீட்டுக்குத் திரும்புகிற ஆள் மாதிரி வந்து நின்றது. பாவாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இப்படி இன்னும் நூறா கண்ணு?"

"அப்படித்தான சொல்லுது."

"நூறா?" என்று மறுபடியும் கேட்டாள்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். கீழே போவது, அந்தக்காவின் காலில் விழுவது, ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு வந்து மண்ணைத் திறப்பது. பை கெட்டிப் பை. பதினோரு வருச மழைக்கும் தாங்கியிருக்கும். பாட்டும் வெளியே வரும், பழியும் போகும். தனக்கு என்ன பேர் வந்தாலும் வரட்டும்.

மறுநாள் முதல் பஸ்ஸில் எழுபது வளைவும் இறங்கினாள். காரவள்ளி தாண்டும்போதே வெக்கை முகத்தில் அடித்தது. காளப்பநாயக்கன்பட்டியில் மாவுக்கார பொன்னம்மா வீடு என்றதும் வழி காட்டிவிட்டார்கள். பொன்னம்மாள் இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிறாள். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்றவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை பார்த்த முகம், மறக்கவில்லை.

"வா, உள்ள வா. மலையில மாவு கெடைக்கலியாக்கும்."

"உங்களைப் பாக்கத்தானுங்கக்கா வந்தேன்."

"என்னைப் பாக்காம முப்பது வருசம் நல்லாத்தான பொழைச்ச."

அதற்குள் பக்கத்து வீட்டு ஜொஹ்ரா பாத்திரத்தோடு வந்துவிட்டாள். புதியவளைப் பார்த்து, "யாருக்கா, சொந்தமா?" என்று கேட்டாள்.

"சொந்தந்தான். மலைச் சொந்தம்."

ஜொஹ்ரா பாவாயியையும் சேர்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். "எங்கூட்டுக்காரரு மறுக்காவும் முக்குக் கடையில போயி டீ குடிச்சுட்டு, கடைக்காரிகிட்ட மணிக்கணக்கா பல்லைக் காட்டிட்டு நின்னாருங்க. நான் ஒண்ணுமே சொல்லல. 'பொன்னக்காகிட்டப் போயி ஒரு தீப்பெட்டி வாங்கியாரேன்'னு மட்டும் சொன்னேன். மனுசன் அன்னையிலிருந்து ஊட்டுலதான் டீ குடிக்கறாரு!"

பொன்னம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். ஜொஹ்ரா மாவை வாங்கிக்கொண்டு போகிறவரை அந்தச் சிரிப்பு முகத்தில் இருந்தது.

"என்ன விசயம், சொல்லு."

"அந்த நோட்டு எரியலீங்கக்கா."

"அது எனக்குத் தெரியாதா? எரிச்சவ நான்தான? பொட்டியில நாலு வேட்டி, ரெண்டு சட்டை, அந்த சுருதிப் பொட்டி. சுருதிப் பொட்டியை மகளுக்குக் கொடுத்தேன், துணியை எரிச்சேன். நோட்டு இருக்கும்னுதான் பொட்டியவே தூக்கியாந்தேன். இல்ல."

"அவரு தலைமாட்டுல இருக்குதுங்க."

பொன்னம்மாள் கிரைண்டரை நிறுத்தினாள்.

"மண்ணுக்குள்ளயா?"

"எங்க பக்கத்து வழக்கமுங்க. எனக்கு அப்ப வெவரம் தெரியலீங்க. பிளாஸ்டிக் பையில சுத்தித்தான் வெச்சிருக்குதுங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், திறந்து எடுத்துறலாம். உங்க மேல சொல்றாங்களே அந்தப் பழியும் போயிருமுங்க."

மாவு ஒட்டிய விரல்களைப் பொன்னம்மாள் ஒவ்வொன்றாக வழித்தாள்.

"அதுல என்னைப் பத்தி எதாச்சும் எழுதியிருந்தாரா?"

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்கக்கா."

"வாயில சொல்லியிருப்பாரே. பத்தொம்பது வருசம் இருந்தாரே."

ஆமாம் என்று சொல்லிவிடலாம் என்று பாவாயிக்குத் தோன்றியது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் வரவில்லை.

"மகளைப் பத்திப் பேசுவாருங்க."

"என்னைப் பத்தி?"

"இல்லீங்கக்கா."

"ஒருக்காகூட?"

பாவாயி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி" என்றாள் பொன்னம்மாள். "திறக்க வேண்டாம்."

"அக்கா, நூறு பாட்டுங்க. நான் ஒண்ணைக் கேட்டேனுங்க. அது மாதிரி நூறு..."

"இருக்கட்டும். இந்தத் தெருவுல பத்தொம்பது வருசம் தண்ணி புடிச்சவ நான். புருசன் மலைக்காரிகிட்டப் போயிட்டான்னு, நான் கொடத்தைத் தூக்கினதும் பேசுவாங்க. காதுல விழற மாதிரியே பேசுவாங்க. துணியை எரிச்ச பொகையைப் பாத்துட்டு, நோட்டை எரிச்சுட்டாடோய்னு எவனோ கெளப்பிவிட்டான். அன்னையோட அந்தப் பேச்சு நின்னுது. நூறு பாட்டை எரிச்சவன்னதும் எனக்கு வழி விட்டு நிக்கறாங்க. நான் இல்லைன்னு ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. இப்ப வந்துட்டுப் போனாளே, அவ எதைச் சொல்லிப் புருசனை மெரட்டறா? நீ போயி மண்ணைத் திறந்தா நான் என்னாவேன்? எரிக்கக்கூடத் துப்பில்லாத, விட்டுட்டுப் போன பொம்பளை. பழையபடி அங்கதான் போயி நிக்கோணும்."

"அக்கா..."

"அவரை எடுத்துக்கிட்ட. நான் சண்டைக்கு வரல. இதை எனக்கு விட்டுரு பாவாயி."

இரண்டு பாக்கெட் மாவை ஒரு பையில் போட்டு அவள் கையில் திணித்தாள். "புளிக்கறதுக்குள்ள சுட்டுத் தின்னு" என்றாள். கிரைண்டர் மறுபடியும் ஓட ஆரம்பித்தது.

ஆடி மாசம் சந்தோஷ்குமார் வந்தான். வண்டியை நிறுத்திவிட்டு, மண் மேட்டின் தலைமாட்டுப் பக்கம் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்து அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தான். பலகையெல்லாம் துருப்பிடிக்கிறது, எடுத்துவிட்டுக் கல்லிலேயே வெட்டப் போகிறோம் என்றான். போனில் பேசுவதையும் ஒரேயடியாகத் திருத்திவிட வேண்டும்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்மா. போன வாரம் காளப்பநாயக்கன்பட்டியில ஒரு பெரியவரைப் பார்த்தேன். அன்னைக்கு எரிஞ்சது வெறும் துணிதான்னு சொல்றாரு. நோட்டு எரிஞ்சதைக் கண்ணால பார்த்தவங்க ஒருத்தருமே இல்லை. எங்கயோ பத்திரமா இருக்குன்னு எனக்கு மனசுல பட்டுக்கிட்டே இருக்கு. பத்து நாளா தூக்கமில்லைம்மா. உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

பையனின் கண் பாவாயியின் முகத்தை விட்டு அகலவில்லை. அப்படி ஓர் ஆசை அதில். அவன் உட்கார்ந்த இடத்துக்கு நேர் கீழே நோட்டு. ஒரு சொல் போதும். பாவாயி தலை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எரிஞ்சு போச்சுங்க சாமி."

"யாரு பார்த்தா?"

"நான் பாத்தேன். அன்னைக்கு நீங்க கேட்டப்பச் சொல்ல வாய் வரலீங்க. பதினாறாம் நாளு கீழ போயிருந்தேனுங்க. பின்கட்டுல போட்டு எரிச்சாங்க. மூணு நோட்டு. ஒண்ணுக்கு நீல அட்டை, ரெண்டுக்குச் செவப்பு. மொதல்ல அட்டை புடிக்கலீங்க. அந்தக்கா குச்சியால கெளறி விட்டாங்க. அப்புறம் புடிச்சுருச்சு."

சந்தோஷ்குமார் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தான். அப்புறம் கேட்டான்.

"நீங்க தடுக்கலீங்களாம்மா?"

"அந்தக்கா பொருளுங்க சாமி. தடுக்கறதுக்கு நான் யாரு?"

அதையும் எழுதிக்கொண்டான்.